'சே மே கயோ': கிளாஸை உடைச்சது யாரு?

மொபைல் ஆப்பில் ஸ்பானிஷ் ஆரம்பிச்ச நண்பர்களே, சீக்கிரமே உங்களைக் குழப்பப்போற வாக்கியம் 'மே குஸ்தா எல் கஃபே'. ஆங்கிலத்தில் 'ஐ லைக் காபி'. ஆனா 'நான்' என்பதற்கான 'யோ' எங்கே? தேடாதீங்க, இல்லை. 'மே' என்றால் இங்கே 'எனக்கு'. எனக்குக் காபி பிடிக்கும், அவ்வளவுதான்! எழுவாய் காபி. அதனால பன்மை வந்தா வினையும் மாறும்: 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்', எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். ஆங்கிலம் வழியா யோசிக்கிறவங்க திணறுற இடம் இது. நமக்குத் தமிழ் கை கொடுக்குது.

ஒரு எச்சரிக்கை: வகுப்புத் தோழியிடம் 'மே குஸ்தாஸ்'னு சொல்லிடாதீங்க, பெரும்பாலும் காதல் கணக்கில் போயிடும். நட்பா சொல்ல 'மே கயெஸ் பியென்'. சொல்லுக்குச் சொல் பார்த்தா 'நீ எனக்கு நல்லா விழுற'! ஆங்கிலத்தில் ரெண்டுமே 'ஐ லைக் யூ' ஆயிடும், வித்தியாசம் காணாமப் போகுது.

வயசைச் சொல்ல 'தெங்கோ வெய்ன்தே அஞோஸ்'. தெங்கோன்னா 'என்னிடம் இருக்கு'. அதுக்காக 'ஐ ஹேவ் 20 இயர்ஸ்'னு எழுதாதீங்க, 'ஐ ஆம் 20' தான். அந்த 'ஞ'வை 'ன' ஆக்கினா உடம்பில் வேற இடம், ஜாக்கிரதை! ஸ்பெயின்ல ஒருத்தர் 'எஸ்தோய் கொன்ஸ்திபாதோ' என்றால் அவருக்குச் சளி பிடிச்சிருக்கு, மலச்சிக்கல் இல்லை. மருந்துக்கடையில் இதை மாத்திச் சொன்னா மாத்திரையும் மாறும்.

இப்போ தலைப்புக்கு வரேன். 'சே மே கயோ எல் வாசோ'. இங்கேயும் எழுவாய் கிளாஸ்தான், 'நான்' இல்லை. நம்ம ஊர்ல 'கிளாஸ் கை தவறி விழுந்துடுச்சு' என்போமே, அதேதான். ஆங்கிலத்தில் சாதாரணமா 'ஐ டிராப்ட் தி கிளாஸ்' என்பாங்க. 'நான்' முன்னாடி வந்து நிக்குது. வேணும்னே போட்டாலும் இதே வாக்கியம்தான்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஃபாசி, பொரோடிட்ஸ்கி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ரெண்டு மொழிக்காரர்களுக்கும் வீடியோ காட்டினாங்க. வேணும்னே செஞ்சதை யார் செஞ்சாங்கன்னு ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஞாபகம் வெச்சிருந்தது. தவறி நடந்ததை யார் செஞ்சாங்கன்னு ஆங்கிலம் பேசறவங்கதான் அதிகமா ஞாபகம் வெச்சிருந்தாங்க.

விழுந்தது கிளாஸா இல்லாம குழந்தையா இருந்து, கேக்கிறது போலீஸா இருந்தா? மொழிபெயர்ப்பாளர் 'ஐ டிராப்ட்'னு மட்டும் எழுதினா, சொன்னவர் சொல்லாத பொறுப்பு அவர் தலையில் ஏறிடும். 'ஆக்ஸிடென்டலி'ன்னு ஒரு சொல் சேர்த்தா பாதி சரியாகும். 'இட் ஸ்லிப்ட் ஃப்ரம் மை ஹேண்ட்ஸ்' இன்னும் நெருக்கம்.