தொப்பியும் கைப்பேசியும்: மூளையின் மின்னலையைப் படிப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் மருத்துவ உதவி கேட்டு ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு வலிப்பு நோய். மருந்துச் சீட்டுகளை மேசைமீது பரப்பி வைத்து, "பாய், இ.இ.ஜி. எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு. அதான் மாத்திரையை நிறுத்திட்டோம். இப்ப மறுபடியும் வலிப்பு வருது" என்றார். 'நார்மல்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. இ.இ.ஜி. இப்போது கைப்பேசிக்கே வந்துவிட்டது. ஆகவே அந்தச் சொல்லை நாம் எல்லோரும் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். இம்மாதப் பாடம் அதுதான்.

இ.இ.ஜி. என்றால் என்ன?

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின்சாரத்தின் சிறு சாயல் தலையின் தோல்வரை வருகிறது. அதை அலைகளாகப் பதிவு செய்வதே இ.இ.ஜி. மனித மூளையில் இதை முதன்முதலில் 1924இல் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1929இல் அதை வெளியிட்டார்.

இந்த மின்சாரம் மிக மிக நுண்ணியது. பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரியின் அளவு 1.5 வோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும், தலையை அசைத்தாலும் அந்த அசைவின் மின்சாரமும் கலந்துவிடும். அதனால்தான் நெடுங்காலம் இதற்குத் தனி அறை, பெரிய கருவி, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் தேவைப்பட்டன.

கைப்பேசிக்கு வந்த கதை

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுருக்க முயன்றார்கள். தலையில் அணியும் ஒரு கருவியில் 14 மின்முனைகள். அவை பிடிக்கும் அலைகள் கம்பியில்லாமல் கைப்பேசிக்குச் செல்லும். 2011இல் நோக்கியா கைப்பேசியில் தொடங்கிய முயற்சி, பின்னர் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு மாறியது. மூளையின் எந்தப் பகுதியிலிருந்து அலை எழுகிறது என்று கைப்பேசியே கணக்கிட்டு, திரையில் மூளையின் உருவத்தின்மேல் நிறமிட்டுக் காட்டும். இது ஸ்கேன் போல மூளையின் உள்ளே பார்த்து எடுத்த படமல்ல. வெளியில் கிடைத்த அலைகளை வைத்துப் போட்ட கணக்கு. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

பூடானில் நடந்த சோதனை

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும். ஆனால் கண்டறியக் கருவியும் இல்லை, மருத்துவரும் இல்லை என்பதே பல நாடுகளின் நிலை.

பூடான் அத்தகைய நாடு. அப்போது அங்கே நரம்பியல் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. தலைநகர் திம்புவின் தேசிய மருத்துவமனையில் 205 பேருக்குக் கைப்பேசி இ.இ.ஜி.யும் வழக்கமான இ.இ.ஜி.யும் எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2017இல் வெளியானது.

வழக்கமான கருவியில் வலிப்புக்குரிய அலைகள் தெரிந்தவர்கள் 100 பேர் என்றால், அவர்களில் சுமார் 39 பேரைத்தான் கைப்பேசி பிடித்தது. மீதி 61 பேரைத் தவறவிட்டது. அலைகள் தெரியாத 100 பேரில் சுமார் 95 பேருக்குச் சரியாக 'இல்லை' என்றது. 5 பேருக்கு மட்டுமே தவறாக 'உண்டு' என்றது.

இதிலிருந்து அறிவது என்ன? அது 'உண்டு' என்று சொன்னால் அதற்கு எடை அதிகம். 'இல்லை' என்று சொன்னால் அதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. வலையில் மீன் விழவில்லை என்பதால் குளத்தில் மீனே இல்லை என்றாகிவிடுமா?

பெரிய கருவிக்கும் இது பொருந்தும். வலிப்புக்குரிய அலைகள் எந்நேரமும் எழுவதில்லை. பதிவு நடக்கும் அரை மணி நேரத்தில் அவை எழாமல் போகலாம். எனவே இ.இ.ஜி. நார்மல் என்றால், 'பதிவு செய்த நேரத்தில் தென்படவில்லை' என்றுதான் பொருள். 'நோய் இல்லை' என்று பொருளல்ல.

அப்படியானால் இக்கருவியால் பயன் என்ன? எதுவுமே இல்லாத ஊரில், நூற்றில் 39 பேரைக் கண்டுபிடிப்பது சிறிய காரியமல்ல. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலும் குழந்தைகளுக்கு இப்படிப் பதிவு செய்து, இணையம் வழியே தொலைவிலுள்ள மருத்துவர்களைப் படிக்க வைத்தார்கள். கருவி சிறிதானாலும் அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று விற்கப்படும் தலைப்பட்டைகளை நோய் அறியும் கருவியாக நினைத்துவிட வேண்டாம்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. வலிப்பு நோயை மருத்துவர் முடிவு செய்வது பெரும்பாலும் நடந்ததைக் கேட்டுத்தான். இ.இ.ஜி. அதற்குத் துணை. நம் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசியும் இதில் உதவும். ஒருவர் முதலுதவி செய்ய, இன்னொருவர் வலிப்பு வருவதைப் படம் பிடித்து வைத்து மருத்துவரிடம் மட்டும் காட்டலாம். பிறருக்கு அனுப்பாதீர்கள். அது அந்தப் பிள்ளையின் மானம்.

2. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. எந்தச் சோதனை எப்படி வந்தாலும், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதே கடுமையான வலிப்பைக் கொண்டுவரலாம்.

அந்தத் தகப்பனாரிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, நரம்பியல் மருத்துவரிடம் திரும்ப அனுப்பிவைத்தோம். பிள்ளை மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். வலிப்பு நோயுள்ள பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், மறைக்காமல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மருந்துக்கு வழி செய்வோம், இன்ஷா அல்லாஹ்.