உப்பு ஜாடி ஏன் கசிகிறது?

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் கரிக்கலாம்பாக்கத்து அடுக்களைகளில் ஒரு சிறு தொல்லை தலைகாட்டும். கல் உப்பு போட்டு வைத்த ஜாடியைத் திறந்தால் உப்பு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக நீர் தேங்கி நிற்கும்.

"ஏன் பாட்டி, இதுல யாரு தண்ணி ஊத்தினது?"

"யாரும் ஊத்தலடா. மழைக்காலம் வந்தா உப்பு தானா தண்ணி விடும். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு ஜாடியைக் கொண்டா."

பேரன் கொட்டிவிட்டு வருவான். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். மாணவ நண்பர்களே, அந்தத் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உப்புக் கரிப்போடு ஒரு கசப்பும் தெரியும். அந்தக் கசப்புக்குக் காரணமானவனே ஜாடிக்குள் நீரை வரவழைத்தவன். அவன் பெயர் மக்னீசியம்.

தூய சோடியம் குளோரைடு எளிதில் ஈரத்தை இழுப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கரைந்துவிடும். நம் கடலோர மாவட்டங்களில் கோடையில்கூடக் காற்று அவ்வளவு வறண்டு போவதில்லை. எனவே உப்புக் கற்களின் மேல் மக்னீசியம் குளோரைடு சிறிதளவு ஒட்டியிருந்தால் போதும், ஆண்டு முழுவதும் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அது வழியும்.

உப்போடு மக்னீசியம் எப்படிச் சேர்ந்தது? அதை அறிய உப்பளத்துக்குப் போக வேண்டும். கரிக்கலாம்பாக்கம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். கிழக்கே சில மைல் தொலைவில் கடல் இருந்தும் அங்கே உப்பளம் இல்லை. உப்பு விளைவதைக் காண, புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் மரக்காணம் செல்ல வேண்டும். (புதுச்சேரி நகரத்திலேயே 'உப்பளம்' என்றொரு பகுதி உண்டு. இன்று அங்கே பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1815இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் உள்நாட்டுத் தேவை போக மிஞ்சும் உப்பை வாங்கும் தனி உரிமையை ஆங்கிலேயர் பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டனர். உப்பு அன்று அரசுகள் பேரம் பேசிய பொருள்!)

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. இவற்றில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் சுமார் 11 கிராம். மூன்றாவது இடம் சல்பேட்டுக்கு. அதற்கடுத்து வருவது மக்னீசியம், சுமார் 1.3 கிராம். கால்சியம் அரை கிராமுக்கும் குறைவு. பாத்திகளில் கட்டிய நீர் வெயிலில் வற்ற வற்ற, இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் படியும். நீரின் அடர்த்தி போமே அளவில் 25 பாகையை எட்டும்போது சோடியம் குளோரைடு படிகங்களாக விழத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் மிக எளிதில் கரைபவை. ஆதலால் அவை கடைசிவரை நீரிலேயே தங்கிவிடும். ஏறக்குறைய 29, 30 பாகையில் எஞ்சும் அந்தக் கசப்புநீரை வெளியே வடித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் உப்பு கிடைக்குமே என்று பேராசைப்பட்டு வடிக்காமல் விட்டால் உப்பும் கசக்கும்.

நன்றாக வடித்த பின்னும் படிகங்களின் மேலும் இடுக்குகளிலும் கசப்புநீர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உப்பை மலைபோலக் குவித்து, மேலே கீற்று வேய்ந்து, மாதக்கணக்கில் விட்டுவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழையில் கரையாமல் காப்பதற்கு மட்டும் அல்ல அது. அந்தக் காலத்தில் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து, தானே கரைந்து, குவியலின் அடிவழியே வழிந்துவிடும். பாட்டியின் ஜாடியில் நடப்பதும் இதே சுத்திகரிப்புதான். கொஞ்சம் தாமதமாக நடக்கிறது.

உடம்புக்குள் இருவரும்

ஜாடியில் தொல்லை தரும் மக்னீசியம் உடம்புக்குள் போனால் வேறு ஆள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசை முதலிய திசுக்களின் செல்களுக்கு உள்ளே. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சோடியம் இதற்கு நேர்மாறு. அது செல்லுக்கு வெளியே, இரத்தத்திலும் உடல்திரவத்திலும் மிகுந்திருக்கும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு இருப்பது, அதன் செறிவு நம் இரத்தத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பதற்காகவே.

வெளியே இருப்பவனுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் என்ன தொடர்பு? உங்கள் காலில் முள் குத்தியதும் செய்தி மூளைக்குப் பறக்கிறது அல்லவா? நரம்பின் சவ்வு திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான் அந்தச் செய்தி நகர்கிறது. பாய்ந்த சோடியத்தை மறுபடியும் வெளியேற்றாவிட்டால் அடுத்த செய்தி போகாது. அதற்கென்று ஒவ்வொரு செல்லின் சவ்விலும் நுண்ணிய 'பம்புகள்' உள்ளன. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பது ஒரு பம்பின் ஒரு சுற்று வேலை. பம்பு ஓட எரிபொருள் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு. அந்த ஏ.டி.பி.யோ ஒரு மக்னீசிய அயனியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால்தான் வேலைக்கு ஆகும். ஆக, உப்பு நரம்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போவதற்கே மக்னீசியம் வேண்டியிருக்கிறது! மக்னீசியத்தின் உதவியை நாடும் நொதிகள் உடலில் 300க்கும் மேல்.

உயிர் காத்த உப்பு

உப்பைக் குறை, குறை என்று எல்லாரும் சொல்லும் காலம் இது. அது சரியே. ஆனால் உப்பு இல்லாமல் உயிர் போகும் நேரமும் உண்டு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றச் சலைன் போதவில்லை. அங்கே பணிபுரிந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் குடிநீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

வெறும் உப்புநீர் இதைச் செய்யாது. பேதி கண்ட குடல் உப்பைத் தனியாக உறிஞ்சத் திணறும். ஆனால் குளுக்கோஸ் கூட வந்தால், இரண்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று குடற்சுவரில் திறந்தே இருக்கிறது. அவற்றின் பின்னே நீரும் வரும். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு முக்கியம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. நடவுக்கும் அறுவடைக்கும் போகிறவர்கள் உப்புப் போட்ட நீராகாரமும் நீர்மோரும் குடிப்பது, வியர்வையில் போனதை ஈடுசெய்யும் பழைய வழி.

குருசுக்குப்பத்தில் ஓர் ஆய்வு

வெயிலில் உழைக்காத நமக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு வேண்டும்? 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று கூட்டிப் பாருங்கள். பலர் இதைப்போல் இரண்டு பங்கை எளிதாகத் தொட்டுவிடுவோம். மிகுந்த சோடியம் தன்னோடு நீரையும் இரத்தத்தில் நிறுத்திவைக்கும். குழாயில் நீர் கூடினால் அழுத்தம் கூடும். காலப்போக்கில் இதயம், சிறுநீரகம், மூளை மூன்றும் அடிபடும்.

இதை நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த இளைஞர்களை ஜிப்மர் மருத்துவர்கள் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடைப்பயிற்சி செய்தது; ஒன்று உப்பைப் பாதியாகக் குறைத்தது; ஒன்று யோகா பயின்றது; ஒன்று வழக்கம்போல் இருந்தது. எட்டு வாரம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியாயிற்று. உப்பைக் குறைத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 2.6, கீழ் அழுத்தம் 3.7 மில்லிமீட்டர் இறங்கியது. நடந்தவர்களுக்கோ 5.3, 6.0! உப்புக்கு வக்காலத்து வாங்குவோர் இதைக் கண்டு மகிழ வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய யாரும் தடை போடவில்லை.

அப்படியானால் கல் உப்பு நல்லதா?

"பாக்கெட் உப்பில் சத்தில்லை, கல் உப்பிலும் இந்துப்பிலும்தான் மக்னீசியம் இருக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல் உப்பில் நூற்றுக்கு அரைப் பங்கு மக்னீசியம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 5 கிராம் உப்பில் கிடைப்பது 25 மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 300 முதல் 450 மில்லிகிராம் வரை. முழுவதையும் உப்பிலிருந்தே பெற விரும்பினால் தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் உப்புத் தின்ன வேண்டும்!

100 கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது. கம்பில் 120க்கு மேல். பச்சைப்பயறு, எள், நிலக்கடலை எல்லாம் இன்னும் தாராளம். தீட்டாத அரிசியில் சுமார் 90. அதையே வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் மிஞ்சுவது 20 அளவே. தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகிறது மக்னீசியம். மாடு புத்திசாலி. கீரையைச் சொல்லவே வேண்டாம். இலையின் பச்சையத்தில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அமர்ந்திருக்கிறது, நம் இரத்தச் சிவப்பில் இரும்பு அமர்ந்திருப்பதுபோல. பச்சையத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஷ்டாட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. பாகூர்ப் பக்கத்து வயல்களின் பசுமை முழுவதும் மக்னீசியத்தின் வேலை என்று சொன்னால் மிகையாகாது.

உப்பை நாம் நம்பியிருக்க வேண்டியது அயோடினுக்காக. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை ஊர் முழுவதும் காணப்பட்டது. 1956இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே அயோடின் சேர்த்த உப்பை வழங்கி ஆய்வு தொடங்கினர். சில ஆண்டுகளில் கழலை பெரிதும் குறைந்தது. 1962இல் நாடு தழுவிய திட்டம் பிறந்தது. உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்கு 2006 முதல் நாடெங்கும் தடை உள்ளது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் 5 கிராம் எடுத்தால் 150 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை அவ்வளவே.

இப்போது ஜாடிக்குத் திரும்புங்கள். அயோடின் சேர்த்த கல் உப்பும் இன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் மக்னீசியம் குளோரைடு மிஞ்சியிருந்து, ஈரத்தை இழுத்து, நீர் வடிந்தால், உப்பின் மேல் தெளித்திருந்த அயோடின் சேர்மமும் அந்த நீரோடு கீழே இறங்கும். பேரன் கொட்டிய தண்ணீரில் கசப்பு மட்டும் போகவில்லை! உப்பு ஈரமில்லாமல், இறுக மூடிய பாத்திரத்தில், அடுப்புச் சூட்டுக்கு எட்ட இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பேதி உப்பு

மக்னீசியம் சல்பேட்டுக்குத் தமிழில் பழகிய பெயர் பேதி உப்பு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து எடுத்தார்கள். குடல் இதை எளிதில் உறிஞ்சாது; மாறாக, நீரைக் குடலுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். விளைவை விளக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இதைத் தொடவே கூடாது. கழிக்கப்படாத மக்னீசியம் இரத்தத்தில் கூடி, மூச்சையும் இதயத்தையும் தளர்த்திவிடும்.

அந்தத் தளர்த்தும் குணமே ஓரிடத்தில் மருந்தாகிறது. கருவுற்ற பெண்கள் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறி, வலிப்பு வந்து, தாயும் சேயும் இறக்க நேரிடும். 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மக்னீசியம் சல்பேட்டு ஊசி பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது தெரியவந்தது. விலை மிகக் குறைந்த மருந்து அது. பேறுகாலத்தில் தலைவலியும் கண்மங்கலும் முகவீக்கமும் கண்டால் ஊசிக்குப் பயந்து வீட்டில் இருக்காமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உங்கள் அக்காவிடமோ அண்ணியிடமோ சொல்லலாம்.

செய்து பாருங்கள்

இரண்டு தட்டுகளில் ஒரே எடையில் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரைத்த பாக்கெட் உப்பு. மற்றொன்றில் கல் உப்பு. அடைமழை நாளில் அல்ல, மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்த பின் நிழலில் வையுங்கள். எது முதலில் ஈரமாகிறது? அடுத்து, கல் உப்பில் ஒரு கைப்பிடி எடுத்துச் செறிந்த உப்புக்கரைசலால் விரைவாக அலசி வடிகட்டுங்கள். (சாதாரண நீரில் அலசினால் உப்பே கரைந்துவிடும். செறிந்த கரைசலில் சோடியம் குளோரைடு மேலும் கரையாது, மக்னீசியம் கரையும்.) அலசிய உப்பை நன்கு உலர்த்தி, அலசாத உப்போடு பக்கத்தில் வைத்து, நாள்தோறும் எடை போட்டுக் குறித்து வாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் இரசாயனத் தராசு இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நகைக்கடைத் தராசும் போதும்.