பனிச்சறுக்கும் பாட்டும்: காதில் எப்போது மாட்டலாம், எப்போது கழற்ற வேண்டும்?

குல்மார்க், அவுலி என்று முதல்முறை கிளம்புகிறவர்களானாலும் சரி, ஸ்விட்சர்லாந்திலோ கனடாவிலோ குடியிருந்து குளிர்காலம் முழுக்க மலைக்குப் போய்வருகிறவர்களானாலும் சரி, பையில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்திலேயே இயர்பட்ஸையும் வைக்கிறீர்கள். வையுங்கள். வெயிலும் வெள்ளைப் பனியுமாக இருக்கும் மலையில் பிடித்த பாட்டோடு இறங்குவது பெரிய சந்தோஷம். ஆனால் காதில் மாட்டுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஸ்கீயில் பின்கண்ணாடி கிடையாது. மேலிருந்து யார், எந்தப் பக்கமாக, என்ன வேகத்தில் வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்வது காது ஒன்றுதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுவார். அவருடைய ஸ்கீ விளிம்பு கெட்டிப் பனியைக் கீறும் சத்தம் இரண்டு நொடி முன்னால் கேட்டால் போதும், நீங்கள் குறுக்கே திரும்பாமல் அவருக்கு வழி விட்டுவிடலாம். பாட்டு எடுத்துக்கொள்வது அந்த இரண்டு நொடியை.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967-ல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் மூன்றாவது, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்தில்லாத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. ஆல்ப்ஸ் நாடுகளில் மோதல் வழக்குகளை இந்த விதிகளை வைத்துத்தான் நீதிமன்றங்கள் அளக்கின்றன. இதைக் காட்டி, “பொறுப்பு பின்னால் வருகிறவனுடையது, என் காதில் என்ன இருந்தால் என்ன?” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வழக்கில் நீங்கள் ஜெயிக்கலாம். முழங்கால் ஜவ்வு கிழிந்தது கிழிந்ததுதான்.

செய்ய வேண்டியவை

முதல் இரண்டு மூன்று தடவை பாட்டில்லாமல் இறங்குங்கள். அன்றைய பனி எப்படி இருக்கிறது என்று காது சொல்லும். மிருதுவான பனியில் ஸ்கீ கிட்டத்தட்ட சத்தமே போடாது. கரகரவென்று சுரண்டும் சத்தம் வந்தால் அடியில் ஐஸ். கூட்டம் எங்கே சேர்கிறது, எந்த வளைவு குறுகலாக இருக்கிறது என்பதும் அதற்குள் பிடிபட்டுவிடும்.

லிஃப்டில் ஏறும்போது ஆசைதீரக் கேளுங்கள். பாட்டுக்கு மலையிலேயே சிறந்த இடம் கோண்டோலாவும் சேர்லிஃப்டும்தான். உட்கார்ந்து தடுப்புக் கம்பியை இறக்கிய பிறகு போடுங்கள், இறங்குமிடம் கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் லிஃப்ட் ஊழியர் கத்துவது உங்களுக்காகத்தான் இருக்கும்.

காதுத் துளையை அடைக்காத வகையை வாங்குங்கள். எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போன்கள் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும், துளை திறந்தே இருக்கும். ஆனால் பின்மண்டையைச் சுற்றிவரும் அதன் வளையம் சில ஹெல்மெட்டுகளில் இடிக்கும். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

ஹெல்மெட்டின் காது மெத்தைக்குள் பை இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்கீ ஹெல்மெட்டுகளில் தட்டையான ஸ்பீக்கர் வைப்பதற்கென்றே அங்கே ஜிப் போட்ட பை இருக்கிறது. காதுக்குள் எதுவும் நுழையாது, வெளிச்சத்தமும் வரும். கையுறையோடு அழுத்தும் அளவுக்குப் பெரிய பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒலி அளவை நண்பரை வைத்துச் சோதியுங்கள். ஹெல்மெட், காகிள்ஸ் எல்லாம் போட்டு, பாட்டையும் ஓடவிட்டு நில்லுங்கள். நண்பர் பத்தடி பின்னால் நின்று சாதாரணக் குரலில் உங்கள் பெயரைச் சொல்லட்டும். கேட்கவில்லையென்றால் குறையுங்கள். கேட்கிற அளவுதான் அன்றைக்கு உச்சவரம்பு. வேகம் எடுத்ததும் காற்று இரையும், கை தானாக ஒலியைக் கூட்டப் போகும், விடாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களின் காதுக்குச் சொல்லும் எல்லை. காற்றிரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டுகிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

பாட்டுகளை இரவே அறையில் டவுன்லோட் செய்துவிடுங்கள். மலையில் சிக்னல் தேடியே ஃபோன் பாதி சார்ஜைத் தின்றுவிடும்.

ஃபோனை உடம்புச் சூடு படும் உள்பாக்கெட்டில் வையுங்கள். லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. ஐஃபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். வெளிப்பாக்கெட்டில் வைத்த ஃபோன் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். அடிபட்டால் மீட்புக் குழுவை அழைக்க இருப்பதும் அந்த ஃபோன்தான். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112, கனடாவில் 911, ஸ்விட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. எண்ணை இப்போதே சேமித்துவிடுங்கள். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் பாட்டை நிறுத்துங்கள்.

நிற்பதானால் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். குறுகலான இடத்திலும் மேட்டுக்குக் கீழே மறைவாகவும் நிற்காதீர்கள். மறுபடி கிளம்பும்போது பாட்டை நிறுத்தி, மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு நகருங்கள்.

கூட வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாட்டு ஓடுகிறது என்று தெரிந்தால் அவர்கள் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள், கைச்சைகை காட்டுவார்கள். ‘நில்’, ‘வா’, ‘உதவி’ மூன்றுக்கும் சைகைகளைக் காலையிலேயே பேசி வையுங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு கேள்விகள் வரும்.

ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் (அரைக்குழாய் வடிவப் பனித்தடம்) வீரர்கள் இயர்பட் மாட்டிக்கொண்டுதானே இறங்குகிறார்கள் என்பது ஒன்று. உண்மைதான். அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்குவார். பின்னால் யாரும் வர முடியாது, பக்கத்தில் குழந்தை விழுந்து கிடக்காது, தடம் முழுக்க அவருக்காகக் காலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் இறங்கும் பொதுப் பாதை அப்படி இருக்காது.

காது கேளாதவர்கள் ஸ்கீ செய்யவில்லையா என்பது இன்னொன்று. அருமையாகச் செய்கிறார்கள். காது கேளாதோருக்கான முதல் குளிர்கால உலகப் போட்டி 1949-லேயே ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டில் நடந்தது. அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கண்ணாலேயே சுற்றுப்புறத்தைப் படித்துப் பழகியவர்கள். காலையில் காதை அடைத்துக்கொண்ட நமக்கு மதியத்துக்குள் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

செய்யக்கூடாதவை

கற்றுக்கொள்ளும் நாட்களில் காதில் எதையும் மாட்டாதீர்கள். பயிற்சியாளர் கீழிருந்து “வெயிட்டை வெளிக்காலில் போடுங்கள்” என்று கத்துவது கேட்க வேண்டும். உங்கள் ஸ்கீ விளிம்பு பனியை வெட்டுகிறதா, பக்கவாட்டில் வழுக்குகிறதா என்பதும் சத்தத்தில்தான் முதலில் தெரியும். நன்றாகக் கற்றவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள்.

குழந்தைகளுக்கு மாட்டிவிடாதீர்கள். குழந்தையோடு இறங்கும்போது நீங்களும் மாட்டாதீர்கள். “அப்பா, நில்லுங்க” என்ற குரல் ஒரே ஒரு தடவைதான் வரும்.

நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்யாதீர்கள். அது நன்றாக விழுங்குவது ஒரே மாதிரி இரையும் தாழ்ந்த சத்தங்களை. ஸ்னோமொபைலின் எஞ்சினும் பனியைச் சமன்படுத்தும் வண்டியின் உறுமலும் அந்த வகைதான். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் மோடையும் முழுக்க நம்பாதீர்கள். ஹெல்மெட் மெத்தை மைக்கை மூடிவிடும், மூடாத இடத்தில் காற்று புகுந்து இரையும்.

‘ஒரு காதில் மட்டும்தான்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இரண்டையும் அடைப்பதற்கு இது மேல். ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் வரும் சத்தத்தை ஒப்பிட்டுத்தான். ஒரு காது போனால், யாரோ வருகிறார் என்று தெரியும், இடமா வலமா என்று தெரியாது. தவறான பக்கம் ஒதுங்கினால் நேராக அவர் மேல்தான் போவீர்கள்.

பெரிய ஹெட்போனை ஹெல்மெட்டுக்கு உள்ளே திணிக்காதீர்கள். ஹெல்மெட் தலையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் காக்கும். விழும்போது அந்தப் பிளாஸ்டிக் காதையும் பொட்டையும்தான் குத்தும்.

இறங்கும்போது பாட்டை மாற்றாதீர்கள், ஃபோனை எடுக்காதீர்கள். கையுறையைக் கழற்ற ஒரு நொடி, திரையைப் பார்க்க ஒரு நொடி. அதற்குள் 20 மீட்டர் பார்க்காமலே போயிருப்பீர்கள். பிடிக்காத பாட்டு வந்தால் முடியும்வரை பொறுங்கள்.

தாளம் ஏறும் பாட்டுக்கு ஈடுகொடுத்து வேகத்தை ஏற்றாதீர்கள். குத்துப்பாட்டு வந்ததும் திருப்பங்கள் குறைந்து நேர்க்கோட்டில் இறங்கத் தொடங்குகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கே அது தெரிவதில்லை. உங்களுக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பின்னாலிருந்து வருகிறவர் நீங்கள்தான். அந்த வகைப் பாட்டை லிஃப்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியிலும் மங்கல் வெளிச்சத்திலும் பாட்டைப் போடாதீர்கள். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் காதையும் விட்டுக்கொடுத்தால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

மரங்களுக்கு நடுவே இறங்கும்போது வேண்டவே வேண்டாம். ஆழமான புதுப்பனி விழும் இடங்களில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற பகுதிகளில், மரத்தடியில் கிளைகளின் மறைவில் பனி இறுகாமல் குழியாக நிற்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியே வருவது அரிது. கூட வந்தவர் விசில் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தால்தான் உயிர். அந்தக் கூட வந்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.

தயார் செய்த பாதையை விட்டு வெளியே போகும்போது எல்லாவற்றையும் கழற்றி அணைத்துவிடுங்கள். இதில் மட்டும் என்னிடம் சலுகையே கிடையாது. அடியில் இருக்கும் பலவீனமான பனி அடுக்கு நொறுங்கி அமரும்போது ‘வும்ப்’ என்று அமுங்கிய சத்தம் ஒன்று வரும். பனிச்சரிவுக்கு மலை கொடுக்கும் மிகத் தெளிவான எச்சரிக்கை அது. கேட்ட உடனே செங்குத்தான இடத்தைவிட்டு விலக வேண்டும். பாட்டு ஓடினால் கேட்காது. குல்மார்க்கில் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறி அபர்வத் மலையில் இறங்குகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். அங்கே 2023, 2024 இரண்டு ஆண்டும் பிப்ரவரியில் வெளிநாட்டு ஸ்கீயர்கள் பனிச்சரிவில் இறந்திருக்கிறார்கள். அங்கே ஸ்கீ பேட்ரோலின் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. பாதைக்கு வெளியே போகிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் அவலாஞ்ச் பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும். ஃபோன், ப்ளூடூத் ஹெட்போன், காந்தம் உள்ள எதுவானாலும் அதைக் குழப்பும். பீக்கன் அனுப்பும் நிலையில் இருக்கும்போது இவை 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும், புதைந்தவரைத் தேடும்போது 50 சென்டிமீட்டர். அதனால் மேலே சொன்ன உள்பாக்கெட் யோசனை இங்கே செல்லாது. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு பேன்ட்டின் தொடைப் பாக்கெட்டில் வையுங்கள். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. பொய்ச் சமிக்ஞையைத் துரத்த அப்போது நேரம் இருக்காது.

முதுகுப் பையில் ஸ்பீக்கரை அலறவிடாதீர்கள். உங்கள் காதை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் எல்லோர் காதையும் சேர்த்து அடைக்கிறீர்கள்.

வயரை வெளியே தொங்கவிடாதீர்கள். சேர்லிஃப்ட் கம்பியிலும் இழுவைக் கயிற்றிலும் மாட்டும். வயர் உள்ளதென்றால் ஜாக்கெட்டுக்கு உள்ளே ஓட்டுங்கள்.

விழுந்த இயர்பட்டைத் தேடிப் பாதை நடுவில் நிற்காதீர்கள். மேலேறிப் போய்த் தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ஓரமாக ஏறுங்கள். கூட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பாதை மூடிய பிறகு ஒருபோதும் இறங்காதீர்கள். கடைசி இறக்கத்தில் பாட்டும் வேண்டாம். சாயங்காலம் பனியைச் சமன்படுத்தும் வண்டிகள் வேலையைத் தொடங்கும். செங்குத்தான இடங்களில் அவற்றை மேலிருந்து இரும்புக் கம்பிவடம் கட்டி இழுப்பார்கள். பல நூறு மீட்டர் நீளும் அந்த வடம் மங்கலில் கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று விறைத்துப் பக்கவாட்டில் அடிக்கும். அடிபட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வண்டியின் எஞ்சின் சத்தம் எங்கிருந்தாவது கேட்டால் உடனே ஓரத்துக்கு வந்து நில்லுங்கள், சுழலும் விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதன் பக்கம் போகாமல் வேறு பாதையில் இறங்குங்கள்.