கடன் அதிகமானா குரல் குறையும்: கல்வராயன் மலை சொல்ற பணப் பாடம்

"அதே வேலை பார்க்கிறவருக்கு என்னை விட சம்பளம் அதிகம். கேட்கணும், ஆனா பயமா இருக்கு." நிறைய பேருக்கு இந்த நிலைமை இருக்கு. இந்தப் பயத்துக்கும் உங்க இஎம்ஐக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்குப் பார்க்கலாம். அதுக்கு கள்ளக்குறிச்சி மாவட்டத்துல இருக்கிற கல்வராயன் மலைக்குப் போகணும்.

1976-ல என்ன நடந்தது?

மலையாளிப் பழங்குடி மக்கள் வாழற இந்த மலை மூணு ஜாகிர்களா இருந்தது. நாட்டுக்கு 1947-ல சுதந்திரம் வந்துடுச்சு. ஆனா இந்த மக்கள் ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து வெளியே வந்தது 1976-ல தான். அதுவரை கூலியில்லாம ஜாகிர்தார் நிலத்துல உழைக்க வேண்டியிருந்தது. சாலை, மருத்துவம், கல்வின்னு எல்லாமே தாமதமாத்தான் வந்தது. 2024-ல கூட இந்த மக்களோட வாழ்வாதாரம் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது.

அதே 1976-ல தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. முன்பணம் வாங்கினதுக்காக ஒருத்தர் வேற வேலைக்குப் போற உரிமையையோ, நியாயமான கூலியையோ இழந்தா அது கொத்தடிமை முறைன்னு சட்டம் சொல்லுது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவும் தேவையில்லை. 1982-ல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புன்னு தீர்ப்பு சொன்னது.

நமக்கு இதுல என்ன பாடம்?

மாதச் சம்பளக்காரங்க கொத்தடிமை இல்லை. அந்த வலியோட நம்ம இஎம்ஐயை ஒப்பிடவும் கூடாது. ஆனா ஒரு விஷயம் பொது: வேலையை விட முடியாதவரால "முடியாது"ன்னு சொல்லவும் முடியாது.

ஒரு கணக்கு போடுவோம். ரெண்டு பேருக்கும் கையில வர்ற சம்பளம் 25,000 ரூபாய். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து 10,500.

முதல் ஆளுக்கு பைக், போன், பர்சனல் லோன் இஎம்ஐ 12,500. மிச்சம் 2,000 தான். ஒரு மாசம் சம்பளம் நின்னா கதை முடிஞ்சது.

ரெண்டாவது ஆளுக்கு இஎம்ஐ 4,000. மாசச் செலவு 14,500, மிச்சம் 10,500. மூணு மாசச் செலவுக்கான 43,500 ரூபாயை அஞ்சே மாசத்துல சேர்த்துடலாம். சம்பள உயர்வு கேட்கும்போது யாரோட குரல் நடுங்காது?

அடுத்து என்ன செய்யணும்?

1. மூணு மாசச் செலவுப் பணத்தைத் தனி அக்கவுண்ட்ல போடுங்க. அது சேர்ற வரைக்கும் புது இஎம்ஐ வேண்டாம்.

2. வேலையில சேரும்போது பாண்டைப் படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க. "பாண்டெல்லாம் செல்லாது"ன்னு நண்பர் சொல்றதை நம்பாதீங்க. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கியோட 2 லட்சம் ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும்னு சொல்லியிருக்கு.

3. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்ங்கறது 1976-லயே சட்டமாச்சு. இப்போ அது ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள இருக்கு. நீங்க செஞ்ச வேலையைத் தேதியோட எழுதி வெச்சு, மெயில்ல கேளுங்க. ஆதாரம் இருக்கும்.

4. பதில் வரலைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. இது சட்ட உதவி எண். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காம இலவசமா வக்கீல் கிடைக்கும்.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் முதல் வேலையா உங்க இஎம்ஐ எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க. எந்தக் கடனை முதல்ல அடைக்கணும்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.