பள்ளி நிற்கும் நிலம்

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாள்தோறும் படியேறி வரும் பள்ளிக்கூடம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தோட்டப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் இக்கேள்விக்குள் அடங்கிவிடும்.

நம் நாட்டில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கிற்று. அது பால்மரக் காட்டுக்குள் வந்து சேரச் சட்டம் வேண்டியிருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. லயத்தின் கோடியிலும் கோயில் கொட்டகையிலும் வகுப்புகள் நடந்தன. கிராணியோ எழுத்தறிந்த கங்காணியோ வேலை ஓய்ந்த வேளையில் பாடம் சொன்னார். கல்லூரியில் பயிற்சி பெற்று வந்த நமக்கு அவர்களைக் குறைத்துப் பேச மனம் வருவதில்லை. அரிச்சுவடி அவர்களால்தான் பிழைத்தது.

ஆயினும் பள்ளி தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். பிள்ளைகள் பெற்றோருடன் வெளியேற, பள்ளிகள் வெறிச்சோடின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பங்குத் தொகையை மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் திரட்டித் தோட்டம் வாங்கியது இதனாலேயே. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; குடும்பங்கள் தைப்பிங்குக்கும் கமுந்திங்குக்கும் பெயர்ந்தன. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. மாணவர் 150க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். நாமும் அந்த வரிசையில்தான் இருக்கிறோம்.

நிலம் தனியாருடையது என்பதனால் பல பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளே. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோரும் கைப்பொருளைத் தேட நேரிடுகிறது.

நம் பள்ளியின் பதிவேடு 1946இல்தான் தொடங்குகிறது. ஜப்பானியர் காலத்திற்கு முந்திய ஏடு ஒன்றும் இல்லை. அதில் ‘நீங்கிய காரணம்’ என்னும் பத்தியில் முதலில் ‘வேறு தோட்டம்’ என்றும், பிற்காலத்தில் ‘தைப்பிங்’ என்றும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. நிலம் பற்றிப் பேசச் செல்லும் இடமெல்லாம், பள்ளி எந்த ஆண்டு முதல் இங்கே இருக்கிறது என்றே முதலில் கேட்கிறார்கள்.

ஆகவே பெற்றோரே, உங்கள் இல்லங்களில் பாட்டன் பாட்டியரின் பள்ளிச் சான்றிதழோ, வகுப்பு நிழற்படமோ இருப்பின் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். கரையான் அரித்ததாயினும் சரி. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.