உள்ளங்கால் எரிகிறதா?

"ராத்திரியானா உள்ளங்கால்ல மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது, டாக்டர்!" சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் என்னிடம் சொல்வது இது. வாதம் என்று எண்ணெய் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வலியை உணரும் நரம்பணுக்களின் மேலுறையில், கால்சியம் உள்ளே நுழையப் புரத வாசல்கள் உண்டு. அவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். பயப்படாதீர்கள், இது உடம்பே செய்யும் வேலை. (நீங்கள் தின்ற மைசூர்பாகு நேராகப் போய் ஒட்டிக்கொள்வதில்லை!) ஆனால் குளுக்கோஸ் எகிறினால், 'டி' வகை வாசல்கள் இந்தச் சங்கிலிகளின் தயவால் அளவுமீறித் திறக்கின்றன. நரம்பு காரணமில்லாமலே 'வலி, வலி' என்று கத்துகிறது. 2013-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், சர்க்கரை வியாதியுள்ள எலிகளுக்கு ஒரு நொதியைச் செலுத்திச் சங்கிலியின் நுனியைக் கத்தரித்தார்கள். வலி தணிந்துவிட்டது! மனிதர்களுக்கு அந்த மருந்து இன்னும் வரவில்லை.

இப்போது எழுதித் தரும் கேபாபென்டின், பிரீகாபாலின் மாத்திரைகள் வேறு வகைக் கால்சியம் வாசலின் துணைப் புரதத்தைப் பிடிப்பவை. இங்கிலீஷ் மருந்தாச்சே என்று நான் தடுப்பதில்லை. நீங்களும் திடீரென்று நிறுத்தாதீர்கள். எரிச்சல் தானாக நின்று பாதம் மரத்துப்போனால் அது குணமல்ல. உடனே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.