திரையில் முடிந்தது ஏட்டில் தொடர்ந்தது
(அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர்கள், அவற்றின் வழிவந்த படக்கதை ஏடுகள், சுவைஞர் மாநாடுகள் பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

நூலுக்குப் பாயிர இலக்கணம் வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறி, காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துப் பதினொன்றாக உரைப்பாரும் உளர் என்றார். இவற்றுள் 'கேட்போர்', 'களன்' என்னும் இரண்டும் நம் சிந்தனைக்கு உரியன. ஒரு நூல் ஆக்கியோனால் மட்டும் நிலைபெறுவதன்று. அதனைக் கேட்கும் மக்களும், அது அரங்கேறும் அவையும் சேர்ந்தே அதற்கு வாழ்வளிக்கின்றன என்பதே இதன் கருத்தாகும்.

பழைய நூல்களுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம், இன்றைய மக்கள் ஊடகம் ஒன்றனுக்குப் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அசைவூட்டத் தொடர்களையும், அவற்றிலிருந்து பிறந்த படக்கதை ஏடுகளையும், அவற்றை நேசிப்போர் கூடும் மாநாடுகளையும் இதற்கு எடுத்துக்கொள்கிறோம். 'சிறுவர் பார்க்கும் கார்ட்டூனில் ஆராய என்ன இருக்கிறது?' என்று வினவுவோர் இருக்கலாம். உரிமையாளர் கைவிட்ட ஒரு கதையை யார் காப்பது என்னும் வினா இங்கே இருக்கிறது. அது இலக்கிய மாணவர் எவரும் தள்ளிவிட இயலாத வினாவாகும்.

சுவைஞர் மாநாட்டின் தோற்றம்

ஒரே வகைக் கதைகளில் ஈடுபாடுடையோர் ஓரிடத்தில் கூடி, ஆக்கியோரை நேரில் கண்டு, வினா எழுப்பி, ஏடுகளை வாங்கியும் விற்றும் மகிழும் கூட்டமே சுவைஞர் மாநாடு. இவற்றுள் பெரும்புகழ் பெற்றது கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் கூடும் 'காமிக்-கான்' ஆகும். 1970 ஆகஸ்டில் ஒரு விடுதியில் மூன்று நாள் நடைபெற்ற இதன் முதற்கூட்டத்திற்கு வந்தோர் ஏறத்தாழ 300 பேர். எழுத்தாளர் ரே பிராட்பரியும் ஓவியர் ஜாக் கிர்பியும் அதில் விருந்தினராயினர். பின்னாளில் 1,30,000க்கும் மேற்பட்டோர் திரளும் பெருவிழாவாக அது வளர்ந்துவிட்டது. படக்கதைத் துறையில் பெரிதும் மதிக்கப்படும் ஐஸ்னர் விருதுகள் வழங்கப்படுவதும் இம்மாநாட்டில்தான்.

ஆயினும் நம் ஆய்வுக்குப் பெருந்திரளைவிடச் சிறுகூட்டமே மிகுந்த ஒளி தருகிறது. ஒரே ஒரு தொடருக்காகவே ஆண்டுதோறும் கூடிய மாநாடு ஒன்று உண்டு. அதன் வரலாற்றை இனிக் காண்போம்.

'கார்கோயில்ஸ்': கதையும் காலமும்

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களிலும் கோட்டைகளிலும், கூரை விளிம்பில் மழைநீர் வடிவதற்காக அஞ்சத்தக்க உருவங்களைக் கல்லில் செதுக்கி வைப்பர். அவற்றிற்கு 'கார்கோயில்' என்று பெயர். அக்கற்சிலைகள் இரவில் உயிர்பெறுமாயின் என்னவாகும் என்னும் கற்பனையே இத்தொடரின் கரு.

கதை கி.பி. 994இல் ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. பகலில் கல்லாகவும் இரவில் உயிருடனும் வாழும் ஒரு குலத்தார் மனிதரின் கோட்டையைக் காத்து நிற்கின்றனர். நம்பிக்கைத் துரோகத்தால் அக்குலம் பகற்பொழுதில், கல்லாய் நின்ற நிலையிலேயே அழிக்கப்படுகிறது. எஞ்சிய சிலர், அக்கோட்டை முகில்களுக்கு மேலே உயரும்வரை உறங்குமாறு மந்திரத்தால் கட்டுண்கின்றனர். ஆயிரம் ஆண்டுகள் கழிகின்றன. நியூயார்க் நகரச் செல்வன் ஒருவன் அக்கோட்டையைப் பெயர்த்துத் தன் வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நிறுவுகிறான். அவர்கள் கண் விழிக்கின்றனர். தலைவன் பெயர் கோலியாத். அவனுக்குத் துணை நிற்பவள் எலிசா மாசா என்னும் காவல்துறைப் பெண். சேக்ஸ்பியரின் நாடகங்களில் வரும் மெக்பெத், ஓபரான், டைட்டானியா, பக் ஆகியோரும் இக்கதையில் பாத்திரங்களாக உலவுகின்றனர். வெறும் வேடிக்கைக் கதை என்று இதனை ஒதுக்க முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் இத்தொடர் 1994 அக்டோபர் 24ஆம் நாள் தொடங்கிற்று. முதற் பருவத்தில் 13 பகுதிகளும், இரண்டாம் பருவத்தில் 52 பகுதிகளும் வந்தன. இதனை உருவாக்கி வளர்த்தவர் கிரெக் வைஸ்மன். மூன்றாம் பருவத்தின் 13 பகுதிகள் வேறு தொலைக்காட்சி வழியே, வேறு குழுவினர் பொறுப்பில் வெளிவந்தன. அவற்றுள் முதற்பகுதியை மட்டுமே வைஸ்மன் எழுதினார். 1997 தொடக்கத்தில் தொடர் நின்றது.

ஆக்கியோனும் உரிமையுடையோனும்

நம் பழம்புலவர் தம் நூலுக்குத் தாமே ஆக்கியோர். இங்கோ ஆக்கியோன் ஒருவர். உரிமையுடையது வேறொரு நிறுவனம். பாத்திரங்களின் பெயர், உருவம், கதை யாவும் சட்டப்படி டிஸ்னி நிறுவனத்திற்கே உரியன. நிறுவனம் நிறுத்தினால், ஆக்கியோன் விரும்பினாலும் கதை தொடராது.

அசைவூட்டத்தின் செலவும் ஒரு தடையாகும். அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் நீங்கலாக ஏறத்தாழ 22 நிமிடங்கள் கதை ஓடும். ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்று கணக்கிட்டால் ஒரு பகுதிக்கு 31,680 சட்டங்கள் ஆகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் பல்லாயிரம் ஓவியங்கள் தேவைப்படும். அவற்றோடு குரல் நடிகர், இசைவாணர், தொகுப்பாளர் எனப் பெரும்படையே உழைக்க வேண்டும். படக்கதை ஏட்டிற்கோ எழுத்தாளர், ஓவியர், வண்ணம் தீட்டுவோர், எழுத்துப் பொறிப்போர் எனச் சிலர் போதும். திரை கைவிட்ட கதையை ஏடு ஏற்க இயலுவதன் காரணம் இதுவே.

களன்: அவை கூடிய வரலாறு

தொடர் நின்ற அதே 1997இல், அதன் சுவைஞர்கள் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டினர். 'கார்கோயில்களின் கூடுகை' என்னும் பொருள்படும் பெயர் அதற்கு. நிறுவனம் நடத்திய விழா அன்று அது. சுவைஞர்கள் தாமே ஏற்று நடத்திய கூட்டம். 2009இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கூடிய இறுதி மாநாடு வரை, ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் அது நடைபெற்றது. புதிய பகுதி ஒன்றுகூடத் திரையில் வாராத பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அவை கலையாமல் நின்றது என்பது எண்ணி வியத்தற்குரியது.

வைஸ்மன் இம்மாநாடுகளில் கலந்துகொண்டு, கதையின் சொல்லப்படாத பகுதிகள் பற்றிய வினாக்களுக்கு விடை பகர்ந்தார். சுவைஞர்கள் பாத்திரங்களின் வேடம் புனைந்து வந்தனர். தாம் வரைந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். அவர் எழுதிய வானொலி நாடகங்களில், வந்தோரே தேர்வு பெற்றுக் குரல் கொடுத்து நடித்ததும் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. அசைவூட்டத் தொடர் என்பது ஓவியம், அசைவு, குரல் என்னும் மூன்றின் கூட்டு. அது நின்றபின் வந்த ஏட்டில் ஓவியம் உண்டு, குரல் இல்லை. மாநாட்டு வானொலி நாடகத்தில் குரல் உண்டு, ஓவியம் இல்லை. சிதறிய இவ்வுறுப்புகளை ஒன்று சேர்த்து, அசைவும் ஊட்டி, முழுக்கதையாகக் காண்பது சுவைஞரின் மனமே. ஏட்டில் கோலியாத்தின் சொற்களைப் படிக்கும்போது, அப்பாத்திரத்திற்குக் குரல் தந்த கீத் டேவிட்டின் கனத்த குரலை நினைவில் கேட்டுக்கொண்டே அவர் படிக்கிறார். 'கேட்போர்' என்னும் சொல் இங்கே முழுப்பொருளும் பெறுகிறது.

வழி: முதல்நூலும் வழிநூலும் சார்புநூலும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என முத்திறமாகப் பகுப்பது நம் மரபு. திரைத்தொடரை முதல்நூலாகக் கொண்டால், அதன் வழிவந்த ஏடுகளையும் இவ்வாறே பகுத்துக் காணலாம்.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1995இல் மார்வெல் பதிப்பகம் 11 இதழ்கள் வெளியிட்டது. திரையில் கதை வளர்ந்துகொண்டிருக்கையில் அதன் பக்கத்தே நின்று வேறு நிகழ்ச்சிகளைக் கூறிய இவ்வேட்டினைச் சார்புநூல் எனலாம்.

2006 ஜூனில் எஸ்.எல்.ஜி. என்னும் சிறு பதிப்பகம் உரிமம் பெற்று வைஸ்மனையே எழுதச் செய்தது. அதன் முதலிரு இதழ்கள், மூன்றாம் பருவத்தில் அவர் எழுதிய அந்த ஒரு பகுதியை மீண்டும் கூறின. மூன்றாம் பருவத்தின் ஏனைய பன்னிரண்டு பகுதிகளை இவ்வேடு கணக்கில் கொள்ளாமல், தன் வழியே கதையைத் தொடர்ந்தது. முதல்நூலின் முடிபோடு ஒத்து, மேலும் வேண்டுவன கூட்டியமையால் இது வழிநூலாகும்.

இங்கே பதிப்பாசிரியர்க்கு நன்கு பழகிய சிக்கல் ஒன்று எழுகிறது. எது மூலம், எது இடைச்செருகல்? உரிமையுடைய நிறுவனமே திரையிட்ட பன்னிரண்டு பகுதிகளைச் சட்டப்படி இடைச்செருகல் என்று கூறவியலாது. எனினும் ஆக்கியோன் அவற்றை விலக்கினார். ஆண்டுதோறும் கூடிய அவையினருள் பெரும்பாலோர் அவர் பக்கம் நின்றனர். உரிமை ஒருபுறம், ஏற்பு மறுபுறம் எனப் பிரிந்து நின்ற நிலை இது. சட்டம் ஒரு கதைக்கு உடைமையாளரைத் தரலாம்; நம்பகத்தன்மையைத் தருவது அவையே.

அச்சிறு பதிப்பகத்தின் முயற்சியும் நெடிது நிலைக்கவில்லை. 2008இல் உரிமக்காலம் முடிந்தது. தனி இதழ்களாக எட்டே வெளிவந்திருந்தன. எஞ்சிய கதைகள் 2009இல் தொகுப்பு நூலில் இடம்பெற்றன. பிறகு நெடுங்காலம் அமைதி. 2022 டிசம்பரில் டைனமைட் பதிப்பகம் மீண்டும் ஏட்டைத் தொடங்கியது. எழுதியவர் அதே வைஸ்மன். வரைந்தவர் ஜார்ஜ் கம்பாடைஸ். 1994இல் சிறுவராய்த் தொலைக்காட்சி முன் அமர்ந்தோர் நடுவயதை எட்டிய காலம் அது. இடையே கேட்போர் அவை கலைந்து மறந்திருப்பின், எந்தப் பதிப்பகமும் இம்முயற்சியில் இறங்கியிராது என்றே கருதுகிறோம்.

பிற சான்றுகள்

ஏட்டிற்கும் திரைக்குமுள்ள உறவு ஒருவழிப் பாதை அன்று. 1992 செப்டம்பரில் 'பேட்மேன்' அசைவூட்டத் தொடரின் ஒரு பகுதியில் சிறு பாத்திரமாகத் தோன்றியவள் ஹார்லி குவின். பால் டினியும் புரூஸ் டிம்மும் படைத்த இப்பாத்திரத்தின் முன்வரலாற்றை, அவ்விருவரும் 1994இல் 'மேட் லவ்' என்னும் படக்கதையாக ஆக்கினர். அது அவ்வாண்டு ஐஸ்னர் விருது பெற்றது. 1999இல் அவ்வேடே திரைத்தொடரின் ஒரு பகுதியாக மாற்றப்பட்டது. திரையில் பிறந்தவள் ஏட்டில் வளர்ந்து, மாநாட்டில் சிறப்பு எய்தி, மீண்டும் திரைக்கே வந்தாள்.

மற்றொன்று 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்த இத்தொடர், இளவரசன் சூகோவின் தாய் என்ன ஆனாள் என்னும் வினாவிற்கு விடை கூறாமலே முடிந்தது. சுவைஞர்கள் விடாது எழுப்பிய அவ்வினாவிற்கு, ஜீன் லூயன் யாங் எழுதி 2013இல் வெளிவந்த 'தி சர்ச்' என்னும் படக்கதையே விடை தந்தது. கேட்போரின் வினாவே ஒரு நூலுக்குக் காரணமாகலாம் என்பதற்கு இது தக்க சான்று.

ஒரு தடையும் விடையும்

'மாநாடு என்பது வணிகமன்றோ? பொம்மையும் சட்டையும் விற்கும் சந்தையன்றோ?' என்று தடை எழுப்பலாம். பெருமாநாடுகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. நிறுவனங்கள் வரவிருக்கும் படங்களுக்கு விளம்பரம் தேடும் இடமாகவும் அவை ஆகிவிட்டன. மேலும், கேட்போரை மகிழ்விப்பதே குறிக்கோளாயின், ஆக்கியோன் கைதட்டலுக்காக எழுதும் நிலை வரும். அது கலைக்குக் கேடு.

ஆயினும் வாங்குவோர் கூட்டம் வேறு. காப்போர் அவை வேறு. வாங்குவதற்குப் புதுப்பொருள் வாராதபோது முன்னது கலைந்துவிடும். பின்னது அப்போதும் நிற்கும். புதிய திரைப்பகுதி எதுவும் வாராத ஆண்டுகளிலும் கூடிய சிறுமாநாடு இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், அசைவூட்டத் தொடருக்குத் திரை பிறப்பையும், ஏடு தொடர்ச்சியையும், மாநாடு நினைவையும் அளிக்கின்றன என்பது பெறப்படும். இம்மூன்றனுள் நினைவு அற்றுப்போயின் மற்ற இரண்டும் பயனின்றிப் போகும். பாயிரத்தில் கேட்போருக்கும் களனுக்கும் இடம் வகுத்தோரின் நுண்ணறிவு, கடல்கடந்த ஒரு நாட்டின் கார்ட்டூன் தொடருக்கும் ஒத்துவருவது அவ்விலக்கணத்தின் வலிமையைக் காட்டுகிறது.

மாணவர் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. எந்தக் கதையைக் காணினும் படிப்பினும், ஆக்கியோன் யார், உரிமையுடையோன் யார், இது முதலா வழியா சார்பா என்று வினவிப் பழக வேண்டும். ஆசிரியரும் பெரியோரும் கொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. இளையோர் ஒரு படக்கதையைக் கையில் ஏந்தி அதைப் பற்றித் தம்முள் வாதிடக் கண்டால், பொழுது வீணாகிறதென்று கடியாமல், அருகமர்ந்து அவ்வாதத்தைச் சற்றே செவிமடுக்க வேண்டும். ஒரு கதைக்காகக் கூடி உசாவும் பழக்கம் இளமையில் வாய்த்தவர்க்கே, பெருநூல்களுக்கான அவையில் அமரும் தகுதியும் பின்னர் வாய்க்கும்.